நார்மல் ரத்தக்காரி

பம்பரம் என்ற பேரை அவளுக்கு வைத்தது யார் என்பதில் லேபில் இரண்டு கட்சி உண்டு. லேபை நடத்தும் டாக்டரம்மாதான் என்பார்கள் சிலர். இல்லை, லிஃப்ட்காரர்தான் என்பார்கள் மற்றவர்கள். பொத்தானை அமுக்கிவிட்டு, லிஃப்ட் கீழே வந்து சேர்வதற்குள் பொறுமை போய், படியேறி ஓடி, மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, காலியாக வந்து திறக்கும் லிஃப்டைப் பார்த்து முறைப்பவளை அவர் வேறு என்னவென்று கூப்பிடுவார்? சொந்தப் பேர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. அதைப் படித்து முடிக்கிற அளவுக்கு அவள் யார் முன்னாலும் நின்றதில்லை.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டவள். அன்று பிடித்த அவசரம் அவளை இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள்; பதில் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வேறு கேள்விக்கு. அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்க அவள் வீட்டுக்காரர் வாயெடுத்தபோதே "சரி" என்றுவிட்டாள். தான் கேட்க வந்தது மணி என்ன என்றுதான் என்று அவர் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். சினிமாவுக்குப் போனால் கடைசிக் காட்சி அவளுக்குத் தெரியாது. அதற்குள் வாசலில் போய் நின்றுகொண்டு, "கூட்டம் வரும், வாங்க வாங்க" என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். காத்திருப்பதுதான் வேலை.

மனித ரத்தத்தில் குரோமோசோம் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் லேப் அது. எக்ஸ்ரே போன்ற கதிர்களோடு புழங்குகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அங்கேதான் ரத்தம் கொடுக்க அனுப்புவார்கள். அந்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, மீடியம் என்கிற ரோஜா நிறத் திரவத்தில் விட வேண்டும். தூங்கும் அணுக்களை எழுப்பும் மருந்து ஒன்றைச் சொட்ட வேண்டும். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதோடு சரி, இரண்டு நாளைக்கு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அணு தன் இஷ்டத்துக்குத்தான் இரண்டாகப் பிரியும். பிரியப் போகும் அந்தச் சமயத்தில் மட்டும் குரோமோசோம்கள் திரண்டு உருவமாகத் தெரியும். அப்போது அதை நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு அணுவாக எண்ண வேண்டும். எண்ண உட்கார்ந்தால் அவள் கை நிதானமாகிவிடும். கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. யாருடைய ரத்தத்தைச் சோதித்தாலும், பக்கத்திலேயே ஒரு கோளாறும் இல்லாத ஆளின் ரத்தத்தையும் அதே மாதிரி வளர்த்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பேர். ஒவ்வொரு தடவையும் ஆள் தேடிக்கொண்டிருக்க அவளுக்கு ஏது பொறுமை? தன் கையையே நீட்டிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த லேபுக்கு நார்மல் என்றால் அவள் ரத்தம்தான்.

"இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, உன்னையா நார்மல்னு வச்சிருக்காங்க?" என்பார் வீட்டுக்காரர்.

"ரத்தம் நார்மலுங்க. ஆளைப் பத்தி யாரும் பேசல."

அவளுடைய தம்பி அதே ஆஸ்பத்திரியில் தரைத்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரா என்று கேட்க வைக்கிற நிதானம் அவனுக்கு. "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... விடலாம்" என்று அவன் சொல்லும் அழகில், வலியோடு வருகிறவர்கள்கூடக் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடப்பார்கள். அந்த வேலையில் அவனுக்கு உயிர்.

அவனுக்குத்தான் அந்த வினை வந்தது. எக்ஸ்ரே அறை ஆட்கள் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். அவனுடைய பேட்ஜைச் சோதித்தபோது, அளவு எக்கச்சக்கம். தம்பி யோசித்துப் பார்த்துச் சொன்னான்: ஒருநாள் புழுக்கம் தாங்காமல் மேல்கோட்டைக் கழற்றி எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். பேட்ஜ் கோட்டிலேயே இருந்தது. மத்தியானம் முழுக்க இன்னொருவர் அங்கே படம் எடுத்திருக்கிறார். கதிர் கோட்டில்தான் பட்டது, தன் மேல் படவில்லை.

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதே ஆணியைத்தான்பா காட்டுறாங்க" என்றார் பிரிவுத் தலைவர். ரத்தம் சுத்தமாக இருந்தால் பழையபடி எக்ஸ்ரே அறை. உடைசல் இருந்தால் இனிமேல் அந்தக் கதவுப் பக்கமே வரக்கூடாது. முடிவு தெரியும்வரை நோயாளிகளை ட்ராலியில் தள்ளும் வேலை.

ஆக, தம்பியின் பிழைப்பும் பேச்சும் அக்காவின் இன்குபேட்டருக்குள் போய் உட்கார்ந்தன.

டாக்டரம்மா வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வந்த பிறகு எண்ணலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சொந்தத் தம்பியின் ரத்தத்தை அக்கா எண்ணுவது முறையில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் தகடுகள் சாயம் காய்ந்து மேசைமேல் இருக்கும்போது பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளுமா? ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள்.

முதல் அணுவிலேயே ஒரு உடைசல். அடுத்ததில் இரண்டு. நகர்த்தினாள், மறுபடியும் உடைசல். நல்ல அணு ஒன்றும் அகப்படாதா என்று தகட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. "படுபாவி, பொய் சொல்லியிருக்கியேடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மைக்ரோஸ்கோப்பை உறைபோட்டு மூடக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போய் நின்றாள்.

தம்பி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவன் மனைவி கதவைத் திறந்தாள். தலைப்பிள்ளை உண்டாகியிருந்தவள், வயிறு இப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

"வாங்க அண்ணி, உக்காருங்க."

"உக்கார நேரமில்லம்மா. அவன் வந்ததும் சொல்லு, அந்த எக்ஸ்ரே வேலையை இன்னையோட மறந்துடணும். ஆணியில கோட் தொங்குச்சு, பேட்ஜ் தொங்குச்சுன்னு கதை விடறான். நான் என் கண்ணால எண்ணிட்டு வரேன். உடைஞ்சு நொறுங்கிக் கிடக்கு."

"என்ன உடைஞ்சிருக்கு?"

"குரோமோசோம். அவன் ரத்தத்துல."

தம்பி மனைவியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அப்போ இதுக்கு?"

"தெரியலையேம்மா" என்றாள் பம்பரம். பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட, வராமலே இருந்திருக்கலாம். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவள் கிளம்பிவிட்டாள். தம்பி மனைவி கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றதை மட்டும் தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் லேப் வாசலில் தம்பி நின்றான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"ராத்திரி பூரா அவ தூங்கல. நான் அந்த ரூம்ல இல்லன்னு உன்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னே."

"அப்புறம்?"

"நான் என்னடா பண்றது, கண்ணால பாக்கறேனே."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். தூரத்தில் ட்ராலிச் சக்கரம் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

அவன் போன கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கைப்பையைக்கூட வைக்கவில்லை; அதற்குள் பம்பரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ட்ரோல் பாத்தாச்சா?"

"அது என்னோடதுதானே மேடம். எப்பவும் நார்மல்."

"யாரோடதா இருந்தா என்னம்மா, பாத்தாச்சா?"

பார்க்கவில்லை. லேபில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்: கண்ட்ரோலைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே. தன் ரத்தம் என்பதாலேயே அதைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது டாக்டரம்மா தகட்டை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "நீயே பாரு" என்றார்.

அவளுடைய குரோமோசோம்களும் உடைந்திருந்தன. தம்பியுடையதைப் போலவே.

பம்பரத்தின் வாய் அவளை முந்திக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் எந்தக் கதிர் பக்கமும் போகல. இது பாட்டில் கோளாறுதான். மீடியம் கெட்டுப்போயிருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் படுது. உடைசல் எந்த மாதிரி இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

அவள் மறுபடி குனிந்தாள். பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். தகட்டில் இரண்டும் ஜோடியாகத்தான் தெரியும். உடம்புக்குள் இருக்கும்போதே கதிர் பட்டு உடைந்திருந்தால், பிரதியும் அந்த உடைசலோடுதான் உருவாகும். ஜோடியில் இரண்டுமே ஒரே இடத்தில் உடைந்திருக்கும். இங்கே பெரும்பாலும் ஒன்று உடைந்திருந்தது, பக்கத்திலிருந்தது முழுசாக இருந்தது. பிரதி எடுத்த பிறகு, அதாவது பாட்டிலுக்குள் வந்த பிறகு ஏற்பட்ட சேதம் அது. தம்பியின் தகட்டிலும் அப்படித்தான்.

"ஒரு பக்கம்தான் மேடம்" என்றாள். இந்த வித்தியாசம் தெரியாதவளா அவள்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நேற்று முந்திரிக்கொட்டை மாதிரி உடைசல்களை எண்ணினாளே தவிர, ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை.

பிறகு காரணத்தைத் தேடினார்கள். இன்குபேட்டரின் சூடு சரியாக இருந்தது. எழுப்பும் மருந்து எப்போதும் போட்டுவந்த அதே சரக்குதான். தண்ணீரும் மாறவில்லை. மீடியம் எடுத்துக்காட்ட அவள் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். போன மாதம் வந்த புது ஃப்ரிட்ஜ். கடைகளில் இருப்பது போலக் கண்ணாடிக் கதவு, உள்ளே இரவும் பகலும் அணையாத விளக்கு. ரோஜா நிற பாட்டில்கள் வரிசையாகப் பளபளத்தன.

"இதுங்க என்ன, அம்மணமா நிக்குது?" என்றார் டாக்டரம்மா.

பம்பரம் உறைந்துபோனாள். அந்த பாட்டில்கள் பழுப்புக் காகிதம் சுற்றித்தான் வரும். பழைய ஃப்ரிட்ஜ் இருந்தபோது, மீடியம் கலங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கதவைத் திறந்து, காகிதத்தை விலக்கி எட்டிப் பார்ப்பாள். "குளிர்ச்சியெல்லாம் வெளியே போகுது, உன் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா" என்று டாக்டரம்மா திட்டுவார். கண்ணாடிக் கதவு வந்ததும் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. காகிதத்தை உரித்துவிட்டால் கதவைத் திறக்கவே வேண்டாமே, நடந்துபோகிற போக்கிலேயே பார்த்துக்கொள்ளலாமே! எல்லா பாட்டிலையும் ஒரே மூச்சில் உரித்துத் தள்ளினாள். திட்டு வாங்காமல் வேவு பார்க்க வழி கிடைத்த சந்தோஷம். அதன் பிறகு அந்த பாட்டில்களில் வளர்த்த முதல் ரத்தம் தம்பியுடையது.

"நான்தான் மேடம் உரிச்சேன்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "புண்ணுல ஊத்தினா நுரைக்குமே ஒரு மருந்து, பெராக்சைடு. விளக்கு வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா மீடியத்துக்குள்ள அது தானா ஊறும். அணுவுக்கு அது விஷம். ஃப்ரிட்ஜை வாங்கச் சொன்னது நான்தான். அந்த விளக்கைப் பத்தி நானும் யோசிக்கல." பிறகு, "ஆனா இது எல்லாம் நம்ம யூகம். உன் தம்பிக்கு யூகத்தை வச்சு வேலை கொடுக்க மாட்டாங்க. திரும்ப ரத்தம் எடு" என்றார்.

அடித்தட்டின் மூலையில், ஒரு பெட்டிக்குப் பின்னால் அவள் கைக்கு எட்டாததால் தப்பித்த பாட்டில் ஒன்று காகிதத்தோடு கிடந்தது. அந்த மீடியத்தில் பாதி ரத்தம், காகிதம் உரித்த பாட்டிலின் மீடியத்தில் பாதி ரத்தம். இரண்டிலும் அவள் ரத்தம், இரண்டிலும் தம்பி ரத்தம். எது யாருடையது என்று தெரியாதபடி டாக்டரம்மா தானே சீட்டு ஒட்டி மறைத்து, தகடுகளைக் கலைத்துவிடுவதாக ஏற்பாடு.

தம்பி வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இதைக் கேளுடா" என்றாள் ஊசியைக் குத்திக்கொண்டே. "என் ரத்தத்துலயும் உடைஞ்சிருக்கு. அதான் பாட்டில்ல தப்புன்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. நீ கவலைப்படாதே."

அப்போதுதான் அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து போனான்.

அடுத்த இரண்டு நாளும் அவள் பட்ட பாட்டை லேபில் இன்றும் சொல்வார்கள். கழுவிய கண்ணாடிச் சாமான்களை மறுபடி கழுவினாள். இன்குபேட்டர் கதவில் கையை வைத்து வைத்து எடுத்தாள், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. ஃப்ரிட்ஜ் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினாள். ஒட்டியது கோணலாக இருக்கிறதென்று கிழித்துத் திரும்ப ஒட்டினாள். சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். "அவர் இன்னும் வரல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. வாங்க என்றும் சொல்லவில்லை, உக்காருங்க என்றும் சொல்லவில்லை. கண் வீங்கியிருந்தது. தேறுதல் சொல்லத்தான் போயிருந்தாள். ஆனால் இன்னும் முடிவு வராததைச் சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக நடந்தாள்.

"கொஞ்சம் உக்காரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஒருவேளை சுத்தமான பாட்டில்லயும் அவனுக்கு உடைஞ்சிருந்தா?"

"அப்பவும் நீ நடந்து ஒண்ணும் ஒட்டப்போறதில்ல."

தகடுகள் தயாரானதும் டாக்டரம்மா தனியாக எண்ணினார். அவள் தனியாக எண்ணினாள். சீட்டு மறைத்த நான்கு தகடுகள். இரண்டில் உடைசல் மலிந்து கிடந்தது. இரண்டில் குரோமோசோம்கள் அப்படி முழுசாக, அழகாக விரிந்து கிடந்தன. சுத்தமாக இருந்த அந்த இரண்டில் தம்பியுடையது ஒன்றா? அல்லது இரண்டுமே அவளுடையதா? தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துச் சீட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்கக் கை துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு சீட்டாக உரித்தார். உடைந்தவை இரண்டும் காகிதம் உரித்த பாட்டிலில் வளர்ந்தவை, ஒன்று அக்கா, ஒன்று தம்பி. சுத்தமானவை இரண்டும் காகிதம் சுற்றிய பாட்டில். அதிலும் ஒன்று அக்கா, ஒன்று தம்பி.

"அந்தப் பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கான்" என்றார் டாக்டரம்மா. "நான் அவங்க தலைவர்கிட்ட பேசிக்கறேன். நீ போ. இப்ப ஓடலாம்."

ஓடினாள். தரைத்தள நடையில் எக்ஸ்ரே அறைக்கு எதிரே பெஞ்சு ஒன்று இருந்தது. காலி ட்ராலியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் தம்பி அதில் உட்கார்ந்திருந்தான். மூச்சிரைக்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"சுத்தம்டா! ஒரு உடைசல் கிடையாது. நீ சொன்னதுதான் நிஜம். கோட் ஆணியிலதான் தொங்கியிருக்கு!"

"அது எனக்கு முன்னாடியே தெரியுமே அக்கா."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நாளையிலிருந்து நீ பழையபடி உன் ரூமுக்குப் போகலாம். மேடம் பேசறேன்னாங்க. உன் பொண்டாட்டிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், இப்பவே..."

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்." அவன் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பேசினான். பேச்சில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உன் ரத்தம் உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் பாட்டிலைச் சந்தேகப்பட்டே. என் ரத்தம் உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் என்னைச் சந்தேகப்பட்டே. ரெண்டும் ஒரே பாட்டில்தானேக்கா."



"வீட்டுக்குப் போன் பண்ணிட்டு வரேன்" என்று அவன் எழுந்தான்.

"நானும் வரட்டுமா?"

"இல்ல. நீ இங்கயே இரு."

அவன் நடையின் கோடிக்குப் போய்ச் சுவரோரம் திரும்பி நின்று பேச ஆரம்பித்தான். என்ன சொல்கிறான் என்று இங்கே கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவன் மனைவி என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேச்சு நீண்டுகொண்டே போனது. லிஃப்ட் கீழே வந்து திறந்தது. "என்னம்மா, வரலையா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கதவு மூடிக்கொண்டது. அவன் பேசி முடித்து வரும்வரை பம்பரம் அந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.